துணிக்கூடைக் கைதியை விடுவிக்க வேண்டி

அனுப்புநர்:
சலவைக் கடைக்காரி,
காவல் நிலையத்துக்கு எதிர்க் கடை.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
எதிரே உள்ள காவல் நிலையம்.

பொருள்: தங்கள் சீருடையை என் தம்பி அணிந்தது பற்றிய விளக்கமும், என் மகளை விடுவிக்கக் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தேய்க்க வந்த தங்கள் சீருடையை நேற்று மாலை என் தம்பி போட்டுக்கொண்டது உண்மை. அதை வாங்க வந்த காவலர் அவனைக் கையும் களவுமாகப் பிடித்ததும் உண்மை. எழுத்தில் விளக்கம் கேட்டீர்கள், எழுதுகிறேன். அவன் ஊரை ஏமாற்ற நினைக்கவில்லை. என் ஏழு வயது மகளைத்தான் ஏமாற்றப் பார்த்தான். அதுவும் அவனால் முடியவில்லை.

2. சென்ற மாதம் குடிபோதையில் இருவர் கடைக்குள் புகுந்து என் கணவரின் கையை முறித்தது தாங்கள் அறிந்ததே. அன்றே அவர்களைப் பிடித்தீர்கள். அந்த நன்றி என்றும் உண்டு. தங்கள் விசாரணையில் வராத ஒன்று: அப்போது என் மகள் அழுக்குத் துணிக் கூடைக்குள் ஒளிந்திருந்தாள். எல்லாவற்றையும் கூடையின் இடுக்கு வழியே பார்த்திருக்கிறாள்.

3. அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் கடையில் அடிதடி விளையாட்டுத்தான். மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்க்கும் ஆலோசகர் அம்மா, "விளையாடட்டும், தடுக்காதீங்க. வாயால சொல்ல முடியாதத பிள்ளைங்க விளையாடித்தான் சொல்லும்" என்றார். ஆகவே வாடிக்கையாளர்கள் முறைபோட்டு ரவுடி ஆகிறார்கள். சட்டை வாங்க வந்த வங்கி மேலாளர் அடிவாங்கி அழகாக விழுந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் தேய்க்கத் துணியே இல்லாமல் தினமும் வருகிறார்.

4. சிக்கல் கடைசிக் காட்சியில். ரவுடிகளையெல்லாம் மன்னித்து அனுப்பிவிட்டு, அவளே கூடைக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்கிறாள். அது ஜெயிலாம். சாப்பிடக்கூட வருவதில்லை. என்ன குற்றம் என்று கேட்டால், "நான் கத்தியிருந்தா யாராவது வந்திருப்பாங்க, அப்பா கை உடைஞ்சிருக்காது" என்கிறாள்.

5. உன்மேல் தப்பில்லை என்று நானும் அவள் அப்பாவும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. "நீங்க அப்படித்தான் சொல்வீங்க. போலீஸ் சொல்லணும்" என்று ஒரே பிடிவாதம். இதைக் கேட்டுத்தான் தம்பி தங்கள் சீருடைக்குள் நுழைந்தான். பாதிதான் நுழைய முடிந்தது. வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தான் தெறித்துவிட்டது. மகள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "மாமா, போலீஸ் ரப்பர் செருப்பு போடாது" என்றாள். பொய் சொன்னதற்காக அவனையும் கூடைக்குள் வரச் சொன்னாள். அவன் ஒரு காலை உள்ளே வைத்திருந்தபோதுதான் காவலர் வந்தார்.

6. இன்று காலை ஆலோசகர் அம்மாவிடம் எனக்கும் திட்டு விழுந்தது. பிள்ளைகளிடம் பொய் கூடவே கூடாதாம். எனவே தம்பியைக் கண்டித்து விட்டுவிடுங்கள். அவன் முட்டாள்தானே தவிர மோசடிக்காரன் அல்ல. நிஜப் போலீஸாகத் தாங்கள் ஒரு மாலை, பூட்ஸோடு, எங்கள் கடைக்கு வர வேண்டும். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஒளிந்திருந்ததுதான் சரி, பெரியவர்களைக் காப்பாற்றுவது குழந்தையின் வேலை இல்லை, உன் பெயரில் எந்த வழக்கும் இல்லை என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவள் குறுக்கு விசாரணை செய்வாள், தயாராக வரவும்.

7. பிள்ளை வளர்ந்தால் கூடை பத்தாமல் போய்விடும். அந்த வழக்கும் அவளோடு சேர்ந்து வளர்ந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

8. பொத்தான் தைத்து, சீருடையை மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்திருக்கிறேன். வழக்கமாக ஆளிடம் கொடுத்தனுப்புவேன். இந்த முறை தாங்களே நேரில் வந்து பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடனும் கொஞ்சம் பிடிவாதத்துடனும் வேண்டுகிறேன்.

இடம்: கடை
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
கைதியின் தாய்
(கையொப்பம்)

பி.கு.: வந்ததும் மூடியை மெதுவாகத் தட்டிவிட்டுத் திறக்கவும். திடீரென்று திறந்தால் இன்னும் பயப்படுகிறாள்.