காதுக்குப் பின்னால் ஒரு கீறல்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் கப்பலில் உன்னோடு இருப்பவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதித்தான் என் கைக்குப் பழக்கம், இந்தத் தடவை அது வரவில்லை. உன் பெண் வாண்டுக்குக் காய்ச்சல், இன்றோடு ஏழு நாள். வார்டிலிருந்து கண்ணாடி போட்ட தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று இதுவரை எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. காய்ச்சல் என்ற செய்தி உன் கம்பெனி ஆபீஸ் வழியாக உனக்கு வந்திருக்கும். அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுக்கடலில் உனக்கு லைன் கிடைப்பதே இரண்டு நிமிஷம், அதில் நீ பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாய், நான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உன் மனைவி கையில் போனைக் கொடுத்துவிடுகிறேன். அது கோழைத்தனம்தான். அடுத்த துறைமுகத்தில் ஏஜென்ட் இதை உன்னிடம் கொடுப்பார், உட்கார்ந்து படி.

ரத்தப் புற்றுக்கு முதல் சுற்று மருந்து முடிந்து, அடுத்த சுற்றுக்கு முன் பத்து நாள் வீட்டில் வைத்திருங்கள் என்று அனுப்பினார்கள் அல்லவா, அந்தப் பத்து நாளும் உன் அம்மா வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். கரண்டி வரைக்கும் கொதிக்க வைத்தாள். சலூன் கடையிலிருந்து நான் வந்தால் குளிக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது, தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்ம வேண்டும். வெந்த சாப்பாடு தவிர எதுவும் குழந்தை வாயில் படக் கூடாது. உன் மனைவி கொதித்து ஆறிய தண்ணீரையே மறுபடி கொதிக்க வைப்பாள். எதிர்க்கடை மெக்கானிக் ஒருநாள் எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டில் கிருமி நுழைய வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும் போலிருக்கிறது என்றான். எல்லோரும் சிரித்தோம். கடைசியில் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். தலையணையெல்லாம் முடி, சாப்பிடும்போது வாயில் முடி, அழுவாள். ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் கேட்டபோது, எடுத்துவிடுங்கள், ஆனால் மெஷினால் மட்டும்தான், கத்தியோ பிளேடோ தலையில் படவே கூடாது, சின்னக் கீறலைக்கூட எதிர்க்க அவள் உடம்பில் இப்போது சக்தியில்லை என்று சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கா சொல்கிறீர்கள் என்று மனதுக்குள் நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மனைவி எத்தனையோ நாளைக்கு அப்புறம் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாள், எழுப்ப வேண்டாமென்று வாண்டை நானே கடைக்குக் கூட்டிப்போனேன். கடையைச் சாத்தி, நாற்காலியைக் கழுவித் துடைத்து, கைப்பிடிகளின் மேல் பலகை போட்டு உட்கார வைத்தேன். நீ சின்ன வயதில் உட்கார்ந்த அதே மாதிரி, காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். மெஷினால் எடுத்து முடித்தாயிற்று. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் தலையைத் தடவிப் பார்த்து, "உன் கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் வழவழன்னு பண்றே, எனக்கு மட்டும் குத்துது" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷத் தொழில். இந்தக் கை ரத்தம் பார்த்ததில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன், நீயே கேலி செய்திருக்கிறாய். புது பிளேடு போட்டேன், கத்தியைக் கொதிநீரில் காட்டினேன், எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மெக்கானிக் தலையில் சீப்பு மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டே வழித்தேன், அவள் சிரித்துத் திரும்பினாள். வலது காதுக்குப் பின்னால் ஒரு அரிசி நீளத்துக்குக் கீறிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. என் கை தானாகப் போய்ப் படிகாரக் கல்லை எடுத்து வைத்து அழுத்தியது. யோசிக்கவே இல்லை, யார் கன்னத்தில் கீறல் பட்டாலும் அதைத்தானே எடுக்கிறேன். பிளேடைப் புதிதாகப் போட்டேன், கத்தியைக் கழுவினேன், ஆனால் அந்தக் கல் ஊரில் பாதிப் பேர் முகத்தில் தேய்த்த கல். இதை நான் உணர்ந்தபோது அவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று.

புதன்கிழமை காய்ச்சல் கண்டது, உடனே சேர்த்தோம். எங்கிருந்து தொற்றியது என்று டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். உன் மனைவி ஜன்னலைத் திறந்து வைத்தது தன் தப்பு என்று அழுதாள். உன் அம்மா தான் சமைத்ததில்தான் ஏதோ வேகாமல் போயிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை அதுவாக இருக்காது, ஒருவேளை தானாக இறங்கிவிடும் என்று ஒரு முழு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். துணித் தொப்பி போட்டிருந்ததாலும் காது மடலுக்குப் பின்னால் மறைந்திருந்ததாலும் கீறல் வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியில் முதல் நாளும் சரி, யார் கண்ணிலும் படவில்லை. வியாழன் சாயங்காலம் அந்த இடம் சிவந்து வீங்கியபோது டாக்டரே கண்டுபிடித்தார். நேற்றே தெரிந்திருந்தால் நேற்றே மருந்தை மாற்றியிருப்போம் என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். அப்புறம்தான் வராந்தாவில் வைத்து உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் மருந்துச் சீட்டு, டிபன் கேரியர் இவற்றைத் தவிர வேறு பேச்சில்லை. உன் அம்மா அதுவும் பேசுவதில்லை.

அதனால் நீ மட்டும் பரவாயில்லை அப்பா, வேண்டுமென்றா செய்தீர்கள் என்று எழுதிவிடாதே. நீ நல்லவன், அப்படித்தான் எழுதுவாய், எனக்கு அது வேண்டாம். வேண்டுமென்று செய்யவில்லைதான், மறைத்தது வேண்டுமென்று. இப்போதைய நிலைமை இதுதான்: வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, காய்ச்சல் காலையில் இறங்கி மத்தியானம் ஏறுகிறது. வெள்ளை அணுக்கள் ஏறாமல் இரண்டாம் சுற்று மருந்தைத் தொடங்க முடியாது, தள்ளிப்போகப் போக அந்த நோய் சும்மா இருக்காது என்கிறார்கள். நாளை ரத்தம் எடுக்கிறார்கள். கேப்டனிடம் கேட்டு அடுத்த துறைமுகத்தில் இறங்கி வர முடியுமென்றால் வந்துவிடு. யோசிக்க வேண்டாம், வந்துவிடு.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். இது உன் மனைவிக்கும் தெரியாது. அன்று கடையில் படிகாரத்தை அழுத்திப் பிடித்திருக்கும்போது, அம்மாவிடம் சொல்லாதே, தாத்தாவைத் திட்டுவாள் என்று அவளிடம் சொன்னேன். விளையாட்டாகச் சொல்வது மாதிரிதான் சொன்னேன், விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும். சரியென்று தலையாட்டினாள். சேர்த்த அன்று டாக்டர் குனிந்து அவளிடமே கேட்டார், எங்கேயாவது கீறிச்சா, எங்கேயாவது வலிக்குதா என்று. அவள் என்னை ஒருதரம் பார்த்தாள், பிறகு இல்லை என்றாள். ஆறு வயதுப் பிள்ளை, காது அப்போது வலிக்காமல் இருந்திருக்காது. நேற்றுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், கண் திறந்தவள் என்னைக் கண்டதும் விரலை எடுத்து உதட்டில் வைத்துக் காட்டினாள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. இன்னும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் படுத்திருக்கிறாள்.

நீ போனில் பேசும்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று பிள்ளையிடம் சொல்லிவிடச் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இது உன் கைக்கு வர எத்தனை நாளாகுமோ, அத்தனை நாள் அவளிடம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் இதை ஒட்டிப் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரி மாடிக்குப் போகிறேன். உன் மனைவியிடம் இதையும் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அவள் என்னை அந்த மாடிப்படியே ஏற வேண்டாம் என்று சொன்னாலும் சரி, அவளே உள்ளே போய்ப் பிள்ளையின் காதில் தாத்தாவே சொல்லிட்டார், இனி நீ எதையும் மறைக்க வேண்டாம், வலிச்சா வலிக்குதுன்னு சத்தமா சொல்லு என்று சொன்னால் போதும்.

உனக்கு எந்தக் குறையும் வரக்கூடாது, நன்றாக இரு. எஞ்சின் ரூமில் வேலை செய்யும்போது மனதை இங்கே அலையவிடாதே. லைன் கிடைத்தால் முதலில் உன் மனைவியிடம் நீ சாப்பிட்டாயா என்று கேள், அவளை அந்தக் கேள்வி கேட்க இங்கே ஆளில்லை. என்னோடு பேச வேண்டும் என்று உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசினால் போதும்.

இப்படிக்கு,
அப்பா