கடிதத்தின் தலையில் விட்ட இடம்

அன்புள்ள மனைவிக்கு,

பாளையங்கோட்டையில் உன் தாயார் வீட்டில் உனக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே அம்பாசமுத்திரத்துப் பக்கம் வாந்திபேதி இன்னும் ஓயவில்லை. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன். நேசத்தின் பாவாடை கொடியிலேயே கிடக்கிறது. மழை வந்தால் எடுப்பேன்.

சபையார் வழியில் பார்த்தால், "தோத்திரம், ஐயரே" என்கிறார்கள். பதிலுக்கு நான் கையை மட்டும் தூக்குகிறேன். நம் மகள் நேசத்தைப் புதைத்த அன்று, நீ கேட்டுக்கொண்டிருக்க, போதகனாக நின்று கர்த்தர் நல்லவர் என்று பிரசங்கித்த வாய்தான். இப்போது இந்த ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

நேற்று நம் சபை ஞானப்பூவின் கணவனை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் அவளும் தோத்திரம் சொன்னாள். கையைத் தூக்கினேன். அவள் நகரவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுங்க, ஐயரே. நீங்களே சொல்லலைன்னா நாங்க எங்க போயி நிக்கது?"

உதடு அசைந்தது, எனக்கே கேட்கவில்லை. அவள் அதுவே போதுமென்று போய்விட்டாள். எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று உனக்குத் தெரியும்.

கடிதத்தின் தலையில் வழக்கமாக நான் எழுதும் 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' இல்லாததைக் கவனித்திருப்பாய். மறக்கவில்லை. அதற்கு இடம் விட்டிருக்கிறேன். உன்னால் முடிந்தால் நீ எழுதிக்கொள்.

இன்னும் இவர்களுக்கு ஐயராயிருக்கிற
உன் புருஷன்