பாதி எழுத்தில் ஒரு படகுப் பெயர்

யூன் 2, செவ்.
கச்சான் காற்று. தாளின் நான்கு மூலைக்கும் கல். நான் வரையும் பாதியெழுத்தில் இன்றுடன் 112 எழுத்து முடிந்தது. கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு மேற்பாதியை மட்டும் தடிப்பாக நிறுத்தும் எழுத்துரு, பெயர்ப்பலகைகளுக்கு. நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் ஒழுங்கான எழுத்தே எழுதியவனுக்கு இந்த வயதில் இது தேவையா?

அடுத்த வீட்டு அந்தோனி வந்தான். தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். "ஐயா, பாதி தண்ணிக்குள்ள தாழ்ந்த மாதிரிக் கிடக்கு. என்ர புதுப் போட்டுக்கு இதிலயே பேர் எழுதித் தாங்கோ." மறுக்கத் தைரியம் வரவில்லை.

யூன் 4, வியா.
படகின் இடப்புறம் 'செபமாலை'. நீலத்தில் வெள்ளை. கோடு நான், பூச்சு அந்தோனி. பிறகு நாடா பிடித்து அளந்தேன். 20 மீற்றரில் வாசிக்கலாம். 40இல் சந்தேகம். 60இல் வெறும் கொக்கிகள். மேசையில் கையெட்டும் தூரத்தில் வைத்தே வரைந்திருக்கிறேன். மடத்தனம்.

கரையில் எல்லாப் படகும் ஒரே நீலம். போன வருடம் அந்தோனியின் பழைய படகு கவிழ்ந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவன் வந்தான். அன்றிலிருந்து மனைவி ஜெசிந்தா தினமும் கரையில் நிற்கிறாள். என் விளையாட்டுக்காக அவளைத் தவிக்க விடுவதா?

யூன் 5, வெள்.
கோயில் சுவாமியார் படகுக்குத் தீர்த்தம் தெளித்தார். பேரைப் பார்த்து, "மிச்சம் எங்க?" எல்லோருக்கும் சிரிப்பு. நான் பின்வரிசை.
வாங்கியவை: நீலப் பூச்சு கால் லீற்றர், தூரிகை 1. நாளை படகு திரும்பியதும் அழித்து, ஒழுங்கான எழுத்தில். அந்தோனியிடம் சொல்ல நாலு வாக்கியம் எழுதி மனனம் செய்தேன்.

யூன் 6, சனி.
காலை 7.10, கரை. பூச்சு பைக்குள். தூரத்தில் இருபது படகாவது இருக்கும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஜெசிந்தா முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். "அந்தா வாறார்!"
"என்னண்டு பிள்ளை தெரிஞ்சது? பேர் வாசிக்கேலாதே."
"ஆர் ஐயா வாசிச்சது? மற்றதெல்லாம் ஒரே மாதிரி. உது மட்டும் பல்லு விழுந்த வாய் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவன்."
அவள் சிரித்தாள். கன்னத்தில் ஈரம், கடல் தண்ணீராகவும் இருக்கலாம்.

மனனம் செய்த நாலு வாக்கியத்தையும் கைவிட்டுப் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். அந்தோனி இறங்கியதும் பையை எட்டிப் பார்த்தான். "பெயின்ற் கொண்டந்தனீங்களோ? நல்லதாப் போச்சு. வலப்பக்கம் வெறுமையாக் கிடக்கு."
நீலம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் வெள்ளை எடுத்துவந்தேன்.