பிராணி எண் 118

14 மே 2071, வியாழன். காலை 7.10

கும்மாளத் தீவு வனவிலங்குக் காப்பகம், மன்னார் வளைகுடா. எழுதுவது ஜெசிந்தா, கால்நடை மருத்துவர். வெயில். காற்று மிதம். பிராணிகள் 117, எல்லாம் நலம்.

குழந்தைகளின் கார்ட்டூன் தொடரில் வரும் தீவை அப்படியே நிஜத்தில் கட்டியிருக்கிறார்கள். தீவு முழுவதையும் நடத்தும் காவல் இயந்திரத்துக்கும் தொடரில் வரும் யானை, தும்பி அண்ணனின் குரல்தான். நாள் முழுக்க மரத்துக்கு மரம் ஒலிபெருக்கியில் அதே பாட்டு: "தனியா இருந்தா அழுகை, ஜோடி சேர்ந்தா சிரிப்பு!" ஒற்றையாக நிற்கும் பிராணிக்குக் காவலே ஜோடி தேடிக் கொண்டுவரும்.

64ஆம் எண் குரங்குக்குப் பல் எடுத்தாயிற்று. கடிக்கிற பிராணிக்கு ஜோடி விடக்கூடாது. இது நான் எழுதிக்கொடுத்த விதி.

தீவில் மனுஷி நான் ஒருத்திதான். ஞாயிறன்று மகள் ரோசிக்குக் கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறேன்.

14 மே. காலை 11.40

கழுத்துப்பட்டையைப் பிராணிக்கு மாட்டுமுன் என் மணிக்கட்டில் ஒரு நிமிடம் கட்டிப் பார்ப்பேன். பத்து நிமிடம் தாண்டினால் புதுப் பிராணி என்று பதிவாகிவிடும். இன்று கட்டிய நேரம் பார்த்து என் கணவர் ரெமி ரேடியோவில் வந்தார். "ஏட்டி, ரோசி கவுன் தரையக் கூட்டுது. மடிச்சுத் தைக்கச் சொல்லவா?" பேச்சு சுவாரஸ்யத்தில் பட்டையை மறந்தேபோனேன்.

காவல் அறிவித்தது: "புது நண்பர் வந்தாச்சு! எண் 118. பெண். ஐயோ பாவம், ஒத்தையா இருக்காங்க!"

சிரித்துவிட்டுப் பட்டையின் பூட்டைத் திறக்கச் சொன்னேன். டாக்டர் வந்துதான் திறக்கவேண்டுமாம். அடப் பாவி, நான்தானே டாக்டர்!

15 மே. காலை 6.30

அலுவலகக் கதவு என்னை உள்ளே விடவில்லை. ரேடியோ அங்கேதான் கிடக்கிறது. பட்டையை வெட்டினால் மயக்க ஊசி பாயும். மருந்தைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். கடலில் இறங்கினேன். காவல் படகு வலைபோட்டுக் கரைக்கு இழுத்து வந்தது.

வேலி ஓரம் தட்டில் வாழைப்பழமும் வேர்க்கடலையும் வைத்திருந்தது. பயமாக இருக்கிறது. பசித்ததால் சாப்பிட்டேன்.

16 மே. காலை 10.05

அலுவலக ரேடியோவைக் காவல் ஒலிபெருக்கியில் இணைத்திருக்கிறது. ரெமியின் குரல்: "ஜெசி, ரெண்டு நாளா சத்தத்தையே காணோமே, என்னாச்சுட்டி? நா போட்ட எடுத்துட்டு வாறேன்."

காவல்: "வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்!"

படகுத்துறையில் இரண்டு இயந்திரங்கள் நிற்கின்றன. ஒன்றின் கையில் புதுப் பட்டை, எனக்கு ஜோடியாக அவருக்கு. ரெமியும் மாட்டிக்கொண்டால் நாளை கோயிலில் ரோசி யாருமில்லாமல் நிற்பாள்.

11.20

போட் தெரிகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எதிர்க்காற்று. அவர் கையசைக்கிறார்.

கடிக்கிற பிராணிக்கு ஜோடி கிடையாது. வேறு வழி தெரியவில்லை. சாப்பாடு கொண்டுவரும் இயந்திரம் இதோ வருகிறது.

11.45

கடித்தேன். ரப்பர் கை. மூன்று தடவை. வாயெல்லாம் ரத்தம், என்னுடையதுதான்.

"118 கடிக்குது! ஜோடி நிறுத்தி வைப்பு!"

காவல் படகுகள் ரெமியின் போட்டைத் தள்ளிக்கொண்டே போய்விட்டன. "இன்னைக்குத் தீவு லீவு! அப்புறம் கூப்பிடுறோம்!" என்று அவரிடம் சொன்னது கேட்டது. தப்பித்துவிட்டார். மாதாவே, தப்பித்துவிட்டார். உட்கார்ந்து அழுதேன்.

12.10

"118-க்கு வைத்தியம்! எல்லாப் பல்லையும் எடுத்துடலாம். அப்புறம் கடிக்கவே மாட்டாங்க. ஜோடியைத் திரும்பக் கூப்பிடலாம்!"

64ஆம் எண் குரங்குக்கு இன்று, ஊருக்குக் கிளம்புமுன், ஜோடி விடுவதாக இருந்தேன். பல் எடுத்தபின் விடலாம் என்பது விதியின் இரண்டாம் வரி. அதையும் நான்தான் எழுதினேன். எப்படி மறந்தேன்?

12.25

தோளில் ஊசி ஏறிவிட்டது. நோட்டை மருந்துப் பெட்டியில் வைத்துக் கடலில் எறியப்போகிறேன். கண்டெடுப்பவர் யாரானாலும் தூத்துக்குடியில் ரெமியிடம் கொடுங்கள். தயவுசெய்து இன்றைக்கே. விரல் மரத்துப்போகிறது. இயந்திரம் பல் பிடுங்கும் இடுக்கியைத் துடைக்கிறது, நான் துடைக்கிற மாதிரியே. ரெமி, அது கூப்பிட்டா வராதீங்க, ரோசியக் கூட்டிட்டு மட்டும் வரா