ஓட்டை வாளி

அன்பு மகன் கோகுலராஜுக்கு,

அப்பா எழுதுகிறேன். குருபோங்கில் நாங்கள் மூவரும் சுகம். நீயும் அந்த ஹனோய் ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் இருமல் அண்டாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் அம்மா குறுக்கே விழுந்து உனக்கு மீன்குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுப்பாள், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். அதனால்தான் எழுதி, உன் தங்கை திவ்யா அனுப்பும் முறுக்குப் பொட்டலத்துக்குள் வைக்கச் சொன்னேன். அவளுக்கு அலோர் காஜா ஆபீசில் வேலை நிரந்தரமாகிவிட்டது, நீயே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல். நீ மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போன படங்களைக் காட்டினாள். பின்னால் அதலபாதாளம், நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். மழை நாளில் அந்தப் பக்கம் போகாதே. நீ தினமும் குடிக்கிற சூப்பில் மாட்டிறைச்சி கிடக்குமோ என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கிடந்தாலும் அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை பாலகிருஷ்ணன் வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தார். ஆமாம், அதே ஆள்தான். நாம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது ஐந்தாம் ஆண்டில் உனக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர். வகுப்பு முழுக்கப் பார்க்க உன்னை எழுப்பி நிறுத்தி, இவன் ஓட்டை வாளி, எதை ஊற்றினாலும் நிற்காது என்று சொன்னவர். அதற்குப் பிறகு நீ பஸ்ஸில் ஏறினாலே பையன்கள் தண்ணீர் போத்தலைத் தட்டித் தாளம் போட்டதும், நீ பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் செம்பனை மரத்தடியில் உட்கார்ந்திருந்ததும், நான்தானே உன்னைத் தேடிப் பிடித்துத் தூக்கி வந்தேன். பால் மரம் வெட்டியவன் நான், ஓட்டை வாளி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? வெட்டுக்காட்டில் அதைத் தூக்கி எறிவார்கள். என் பிள்ளையை எறி என்று சொன்ன வாயை நான் மறப்பேனா? அன்றைக்கு அவர் வாத்தியார், நான் வெட்டுக்காரன், வாயைத் திறக்க முடியவில்லை. எனக்கும் ஒரு நாள் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. அவர் பேத்தி ஆசிரியர் படிப்பு முடித்துவிட்டு உன்னைப் போலவே வெளிநாட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லித் தரவேண்டும் என்கிறாளாம், நம் மூலமாக உன்னிடம் வழி கேட்க வருகிறார் என்று திவ்யா முதல் நாளே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் தாமான் குடியிருப்பு ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டு வாசல் எல்லாம் சேறு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டுக்குள் யார் வந்தாலும் கால் கழுவாமல் வர முடியாது. ஒரு வாளியை எடுத்து அடியில் ஆணியால் நாலு குத்து குத்தி, கேட்டுப் பக்கம் வைத்தேன். அவர் வந்து இறங்கியதும் பைப்பைத் திறந்துவிட்டு, இதில் பிடித்துக் கழுவுங்கள் சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மனிதர் வாளியைத் தூக்குகிறார், தண்ணீர் இல்லை, மறுபடி பிடிக்கிறார், மறுபடியும் இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "என்னா மாயாண்டி, இது ஓட்ட வாளி லா, எத ஊத்துனாலும் நிக்கல" என்றாரே பார்க்கலாம். அதே வார்த்தை, அதே வாய். முகம் கறுக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. பொறுக்க முடியாமல், என் மகனையும் நீங்கள் அப்படித்தானே சொன்னீர்கள் சார் என்று கேட்டே விட்டேன். "நானா? சேச்சே. கோகுல் கெட்டிக்காரப் பிள்ள லா, நாந்தானே அவனுக்கு அஸ்திவாரம் போட்டேன்" என்று சிரித்தார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டார். உன் அம்மா என்னை முறைத்துவிட்டு நல்ல வாளி கொண்டுவந்து கொடுத்தாள், உள்ளே வந்து வடை தின்று டீ குடித்து, உன்னை வாழ்த்திவிட்டுப் போனார். இத்தனை வருஷம் நான் சுமந்ததை அந்த ஆள் ஒரு நாள்கூடச் சுமக்கவில்லை. வயிறு எரிந்தது.

அந்த எரிச்சல் அடங்கும் முன்பே ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். உன் வகுப்பில் கடைசி வரிசையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்காரும் பையனைப் பற்றிச் சொன்னாய். "எத்தன தடவ சொல்லிக் கொடுத்தாலும் நிக்க மாட்டேங்குதும்மா, சரியான ஓட்ட வாளி லா அவன்" என்றாய். சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறந்துபோய்ச் சொன்னாயா, ஞாபகத்தோடு சொன்னாயா என்று நான் கேட்கப்போவதில்லை. மறந்திருந்தால் நீயும் பாலகிருஷ்ணன் வாத்தியாரும் ஒன்று. மறக்காமல் சொல்லியிருந்தால் நீ அவரைவிட மோசம். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது என்று சமாதானம் சொல்லாதே. நீ அவனைப் பார்க்கிற பார்வை அவனுக்குப் புரியும். அவனுக்கும் ஓர் அப்பன் இருப்பான். என்னைப் போல எதையும் மறக்காதவனாக இருந்தால், உனக்குக் கிழவயதிலும் நிம்மதி இருக்காது, சொல்லிவிட்டேன்.

கோபத்தில் எழுதினாலும் நீ என் பிள்ளை. எந்த ஊரில் இருந்தாலும் உன் கைக்கு வேலையும், உன் வாய்க்கு நல்ல சொல்லும் குறையாமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். மலைப் பக்கம் போனால் ஹெல்மெட்டைக் கழற்றாதே. அடுத்த முறை கூப்பிடும்போது அந்தப் பையனின் பெயரை என்னிடம் சொல். அந்த ஓட்டை வாளியைக் கேட்டில் மாட்டிவிட்டேன், நீ சொல்லும்வரை அது அங்கேதான் தொங்கும். டிசம்பர் லீவில் நீ வரும்போதும் இந்த ரோட்டைச் சரிசெய்திருக்க மாட்டார்கள். உனக்கும் அதே வாளிதான்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
மாயாண்டி