இணையக் கடைக்கும் போணி வேண்டும்

என் அருமை அக்காவுக்கு,

கடை திறந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ பாதியில் குறுக்கே வந்து, "அதெல்லாம் இருக்கட்டும், கடை என்னாச்சு?" என்று கேட்பாய்.

நீ போன பிறகு மாமா ராசிபுரம் கடைப் பக்கமே வரவில்லை. வெளியூர் வாடிக்கையாளர்கள் வற்றலும் கிழங்கு அப்பளமும் கேட்டு உன் போனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். லாரி புக்கிங் ஆபீசில் இத்தனை வருடம் சத்தமாகப் பேசியே பிழைத்த மனிதருக்கு அந்தப் போனை மட்டும் எடுத்துப் பேச முடியவில்லை. அணைத்து வைத்துவிட்டார். வெளியூர் வியாபாரம் அதோடு நின்றது. ஆனால் பாவாயி நிற்கவில்லை. உன்னோடு கடையில் இருந்த நாட்களைப் போலவே பங்குனி வெயில் முழுக்க மாடியில் ஜவ்வரிசி வற்றல் போட்டுக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டாள். யார் வாங்குவார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

கடையை இணையத்தில் போடலாம் என்று நான்தான் சொன்னேன். மாமா ஒரு கெடு வைத்தார். "நீ படிச்சவ, போடு அம்மிணி. எங்க கையெழுத்து வேணுமோ அங்க போடறேன். ஆடி பொறக்கறதுக்குள்ள வெளியூரு யாவாரம் வரலீன்னா சாத்திப்புடலாம். எனக்கு அந்தக் கடையப் பாத்துக்கிட்டு இருக்கத் தெம்பில்ல."

கல்லூரிக்குக் கோடை விடுமுறை. பக்கம் போடுவது சுலபமாக முடிந்துவிட்டது. பணத்தை எந்த நிறுவனத்தின் வழியாக வாங்குவது என்பதில்தான் தலை சுற்றியது. ஒரு நிறுவனத்திலிருந்து பையன் ஒருவர் டையெல்லாம் கட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். "எல்லாமே ஃப்ரீங்க மேடம்" என்றார். பொருளாதாரம் நடத்துகிறவளிடம் வந்து சொல்கிற வார்த்தையா அது?

கார்டில் வாங்கினால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்டேன். நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதன்மேல் வரி என்றார். பணம் எங்கள் கணக்குக்கு எப்போது வரும்? "ரெண்டே நாளுங்க மேடம்." நடுவில் ஞாயிறு வந்தால்? "அது வேலை நாள் கணக்குங்க, கொஞ்சம் கூட ஆகும்." வற்றல் நொறுங்கிப்போய் நாங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், நீங்கள் பிடித்தது திரும்பி வருமா? "அது வந்துங்க மேடம்... வராதுங்க."

பின்னால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பாவாயி, "அப்பறம் எதுங்க தம்பி ஃப்ரீ? நீங்க பஸ் ஏறி வந்ததா?" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். பாவம், ஒரு பாக்கெட் அப்பளம் வாங்கிக்கொண்டு போனார்.

கடைசியில் மூன்று நிறுவனங்கள் மிஞ்சின. கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை. எல்லோருடைய விளம்பரத்திலும் அதே சிரிக்கிற முகங்கள். நான் இல்லாத நாளில் ஏதாவது சிக்கல் வந்தால் அவர்களோடு பேசப்போவது யார்? பாவாயிதானே! அதனால் மூன்று இடத்துக்கும் அவளையே கூப்பிடச் சொன்னேன். வாங்குகிறவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, நமக்கு வரவில்லை, என்ன செய்வது? இதுதான் கேள்வி.

முதல் இடத்தில் பாட்டு ஓடியது. "ராகம் நல்லாத்தானுங்க இருக்குது, ஆளத்தான் காணோம்" என்று வைத்துவிட்டாள். இரண்டாவது இடத்தில் யாரோ இந்தியில் தொடங்கி இங்கிலீஷுக்கு வந்தார். "கண்ணு, நீ பேசறது எனக்கு வெளங்குல. பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருந்தாக் குடு சாமி" என்றாள்.

மூன்றாவது இடத்தில் ஒரு பெண் தமிழில் நிதானமாகப் பதில் சொன்னாள். "பணம் நடுவுல மாட்டியிருக்கும்மா. பெரும்பாலும் தானாவே அவங்களுக்குத் திரும்பிடும். உங்க பக்கம் வந்துடுச்சுன்னு காட்டுற வரைக்கும் பார்சல் அனுப்பாதீங்க."

"ஸ்க்ரீன்ஷாட்டு காட்டுனாங்கன்னா?"

"காட்டட்டும்மா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, நீங்க உங்க கணக்கைப் பாருங்க."

பாவாயிக்கு அந்தப் பெண்ணை அப்படிப் பிடித்துவிட்டது. சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தாள். கார்டுக்கு அங்கே கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்கிறார்கள். இருந்தாலும் அதையே எடுத்தோம். நீ எத்தனை வருடம் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பியே பார்சல் அனுப்பியிருக்கிறாய்? யாராவது ஏமாற்றினார்களா, அக்கா? ஏமாற்றியிருந்தாலும் சொல்லியிருப்பாயா?

பழைய வாடிக்கையாளர்களுக்கு இணைப்பை அனுப்பினேன். ஒரு வாரம் ஒரு ஆர்டரும் இல்லை. "என்ன அம்மிணி, உன்ற நெட்டுக் கடைல ஈ ஓட்டலாமுன்னா ஈயே வரலியாட்டம் இருக்குது" என்றார் மாமா. கேலிதான். ஆனால் முகத்தில் கேலி இல்லை.

ஒருநாள் காலை, சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே நானே ஒரு பாக்கெட் வாங்கிப் பார்க்கலாம் என்று பக்கத்தைத் திறந்தேன். "கடை இப்போது மூடியிருக்கிறது" என்று வந்தது. ஒன்பது மணிக்கும் அதேதான், பத்துக்கும் அதேதான். பஸ் ஏறிவிட்டேன்.

திருவிழா நாட்களில் கடையை மூடிவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. பாவாயியின் போனில் நான்தான் காட்டிக் கொடுத்திருந்தேன்.

"வெளக்கு வெச்சு ஷட்டர எறக்கறப்ப அதையுந்தானுங்க எறக்கிருவேன். காலைல போணி ஆனப்பறம் ஏத்துவேன்" என்றாள், பெருமையாக.

"போணி எப்போது ஆகும்?"

"சில நாளு பதினொண்ணு ஆயிருமுங்க."

ஊரெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குகிற நேரமாகப் பார்த்து நம் கடை சாத்தியிருக்கிறது! "பாவாயக்கா, இணையத்தில் வருகிற காசும் காசுதான்" என்றேன்.

"ஆருங்க இல்லீன்னா? அதக் கண்ணுல ஒத்திக்க முடியுமா, சொல்லுங்க. மொதக் காசு கைல உளுகோணும். ஒத்திக்கிட்டுப் பொட்டில போடோணும். உங்கக்கா ஒருநாளாச்சும் அதுக்கு முந்தி சரக்கக் கைல தொட்டிருக்குமா?"

அந்தப் பொத்தானையே எடுத்துவிடலாம் என்ற நினைப்போடு உன் வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். மாமா சிரித்தார், அக்கா. நீ போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் டீக்கடைக்குப் போகிற வழியில் கடைக்குப் பின்னால் இருக்கும் பாவாயியின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். "நூறு கிராம் வத்தலப் போடு. இந்தா காசு. போணி ஆச்சா? அந்த சுவிச்ச ஏத்தி உடு."

இப்போது தினமும் அப்படித்தான். பாவாயியும் இறங்கி வந்தாள். பொத்தான் ராத்திரியும் திறந்தே இருக்கலாம், வருகிற ஆர்டர்களும் வரலாம். ஆனால் மாமா கையால் போணி ஆகாமல் ஒரு பார்சலும் கட்டமாட்டாள். உன் வீட்டில் ரசத்துக்கும் வற்றல், உப்புமாவுக்கும் வற்றல். கேட்டால் மாமா, "யாவாரம்னா கொஞ்சம் நட்டம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார்.

முதல் ஆர்டர் பெங்களூரில் உன் பழைய வாடிக்கைக்கார அம்மா ஒருவரிடமிருந்து வந்தது. குறிப்பு எழுதும் இடத்தில், "அக்கா, போனே எடுக்க மாட்டேங்கறீங்க, கோவமா? எம்பொண்ணு முழுகாம இருக்கா, உப்பு கம்மியா போட்டது அனுப்புங்க" என்று எழுதியிருந்தார். நான் இணைப்பு அனுப்பியபோது உன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. விலைப்பட்டியலுக்குக் கீழே அதை எப்படி எழுதுவது? அந்த அம்மாவைக் கூப்பிட்டு, நீ இல்லை என்று சொன்னேன். எப்போது என்று மட்டும் கேட்டார். பிறகு, "உங்க குரலும் அவங்க குரல் மாதிரியேதாம்மா இருக்கு" என்றார். அப்படியா, அக்கா? நம் வீட்டில் யாரும் சொன்னதில்லையே.

ஆர்டர்கள் ஓசூர், சென்னை, கோயம்புத்தூர் என்று வந்துகொண்டிருக்கின்றன. கொட்டவில்லை, நிற்கவும் இல்லை. ஆடி பிறந்த அன்று நானே கேட்டேன். "மாமா, கெடு முடிஞ்சிருச்சு. கடையை என்ன செய்யலாம்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் போணியே பண்ணுல, இப்பப் போயி கடையச் சாத்தற பேச்சு எடுக்கற? வாரேன்" என்று கிளம்பிவிட்டார். அந்தப் பேச்சு அதோடு சரி.

அடுத்த வாரம் ஒரு ஆவணிக் கல்யாணத்துக்காக அவர் திருச்செங்கோடு போகிறார், இரண்டு நாள். இப்போதே பாவாயி என் முகத்தைப் பார்க்கிறாள். உனக்கு என்னைத் தெரியும், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சில்லறையை எண்ணி அவள் கையில் வைப்பேன். மாமா வராத எந்த நாளிலும் வைப்பேன். அவள் அதைக் கண்ணில் ஒத்திக்கொள்ளும்போது வேறு பக்கம் பார்க்கமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
சாந்தி