மூன்று ஞாயிறு வாசித்த பெயர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. தேவன் தந்த கிருபையில் நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீ நலமா என்று வழக்கம்போல் இந்த முறை கேட்கவில்லை, நலமில்லை என்றுதான் நீயே எழுதிவிட்டாயே. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் ஒரு நாள் பட்டறைக்குப் போகாமல் இருக்கச் சொன்னால் கேட்கிற பிறவியா அது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஊரார் வண்டியெல்லாம் பழுது பார்க்கிற மனுஷனுக்கு வீட்டுக் குழாயைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. முக்கியமானதைச் சொல்லத் தயங்கித்தான் இப்படிக் குழாயையும் முழங்காலையும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் கடிதத்தில், ஆராதனைக்கு முன் போதகர் அங்கியைக் கையில் எடுத்தால் போட மனசு வரவில்லை, காலையில் ஞானஸ்நானமும் மாலையில் அடக்க ஆராதனையும் நடத்திவிட்டு இரண்டிலும் ஒன்றும் தோன்றாமல் வந்து படுத்தேன், ஜெபம் வாயில்தான் வருகிறது உள்ளே ஒன்றுமில்லை, மாதக் கடைசியில் பேராயரிடம் விலகல் கடிதம் கொடுக்கப் போகிறேன், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்களே யோசியுங்கள் என்று எழுதியிருந்தாய். நாலு முறை வாசித்தேன். உனக்கு வசனம் எழுதித் தேற்றப் போவதில்லை, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை எனக்கு எதற்கு. ஆனால் இத்தனை வருஷம் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன், எழுதும்போதே வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் சபையில் சுகவீனர் பட்டியலை எழுதி ஞாயிறுதோறும் வாசித்து ஜெபிக்கிறது நான்தானே. நீ வேதாகமக் கல்லூரிக்குப் போன இரண்டாம் வருஷம் எனக்கும் உள்ளே இப்படித்தான் வற்றிப்போனது. காரணம் என்று ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பழைய தாளையே எடுத்துக்கொண்டு போவேன், புதுப் பெயர் வந்தால் அடியில் சேர்ப்பேன், எதையும் நீக்கமாட்டேன், முப்பத்தேழு பெயர் ஆகிவிட்டது. ஒரு தச்சர் குணமாகி இரண்டாவது கல்யாணமே செய்துகொண்டார், நாங்கள் இன்னும் அவர் எழுந்து நடமாட வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாளில் நம் கோயிலுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் பெயரும் இருந்தது. அவர் இறந்துபோனார், அடக்கத்துக்கு நானே போய் ஒரு பிடி மண்ணும் போட்டுவிட்டு வந்தேன். வந்து, அடுத்த ஞாயிறு அவர் பெயரை வாசித்து அவருக்குப் பூரண சுகம் தாரும் என்று ஜெபித்தேன். அதற்கடுத்த ஞாயிறும். சபையும் ஆமென் சொன்னது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு அவர் மனைவி பாதியில் எழுந்து வெளியே போனாள், அப்போதுதான் நான் என்ன வாசித்தேன் என்று எனக்கே கேட்டது. மறுநாள் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அவள் திட்டவில்லை. நீங்க மறந்தது பெருசில்லக்கா, அவர் உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான் வாசிச்சீங்களோன்னு தோணிச்சு, அதான் தாங்க முடியலன்னு சொன்னாள். அவள் நினைத்தது சரிதான் மகனே, அப்படித்தான் வாசித்திருந்தேன்.

அன்றே பட்டியலை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம் என்றிருந்தேன். ஒப்படைக்காததற்குக் காரணம் விசுவாசம் என்று நினைத்துவிடாதே, வெறும் ரோஷம். தாளைக் கிழித்துவிட்டு வீடு வீடாக விசாரித்துப் புதிதாக எழுதினேன், பதினொரு பெயர்தான் தேறியது. சனிக்கிழமைதோறும் அதில் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன், கேட்டால் ஒழிய ஜெபம் பண்ணுவதில்லை. உடனே எல்லாம் ஊறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், இப்போதும் சில ஞாயிறு வெறும் வாய்தான். ஆனால் வாசிக்கிற பெயருக்கு ஒரு முகம் தெரிகிறது, அதை வைத்து அந்த வாரத்தை ஓட்டிவிடுகிறேன். நீயும் மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு வீட்டுக்கு அங்கி இல்லாமல், வேதாகமப் பை இல்லாமல், பேச ஒன்றும் தயார் செய்யாமல் போய் உட்கார்ந்து பார். அதற்குப் பிறகும் கடிதம் கொடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் கொடு.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ போதகராக அபிஷேகம் பெற்ற அன்று எடுத்த படத்தைப் பட்டறையில் மாட்டிவைத்து வண்டி விட வருகிறவர்களிடமெல்லாம் எங்க வீட்டுப் போதகர் என்று காட்டுகிறவர், நொறுங்கிப்போவாரோ என்று பயந்தேன். கையில் வேலை இருக்கும்போது சொன்னால் தேவலை என்று பட்டறைக்கே போய்ச் சொன்னேன். முறுக்கிக்கொண்டிருந்த போல்ட்டை முழுசாக முறுக்கி முடித்தார். அவன் தூங்குறானாமா என்று கேட்டார், எழுதவில்லை என்றேன். ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு, சபைக்கு வேற போதகர் கிடைப்பாங்க, எனக்கு வேற பிள்ளை கிடையாது, எப்ப வேணும்னாலும் வரச் சொல்லு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகையால் மகனே, அங்கியைப் போடுவதானாலும் கழற்றுவதானாலும் எங்களுக்காகச் செய்யாதே.

தேவன் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், சோர்ந்துபோன உன் மனதை அவரே தாங்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதே. பதில் எழுதும்போது எங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றெல்லாம் எழுத வேண்டாம். தூங்கினாயா என்று மட்டும் எழுது, அப்பா தினமும் கேட்கிறார்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா